பேஸ் ஆம்ப்ளிஃபயரில் உடைந்த குமிழ்களை மாற்றுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

பேஸ் கிதாருக்கான ஆம்ப்ளிஃபயரில் ஒரு குமிழ் உடைந்துவிட்டால், அநேகமாக எல்லோரும் முதலில் புதுக் குமிழை வாங்கிவிடுகிறார்கள். பிறகுதான் அது தண்டில் ஏறுமா என்று பார்க்கிறார்கள். ஏறாதபோது கையால் அழுத்துகிறார்கள். அதற்கும் மசியாவிட்டால் ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தட்டுகிறார்கள். வெளியில் இருந்தபடியே முடிந்திருக்க வேண்டிய வேலை, உள்ளே சர்க்யூட் பலகையின் செம்புத் தடம் பெயர்ந்து, ஆம்ப்ளிஃபயரையே பிரிக்க வேண்டிய வேலையாக மாறுவது பெரும்பாலும் இப்படித்தான். வேலூர், காட்பாடி, குடியாத்தம் வட்டாரத்து மெல்லிசைக் குழுக்களிலிருந்தும் தேவாலயப் பாடகர் குழுக்களிலிருந்தும் பழுதுக்கு வரும் பெட்டிகளில் இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ஆகவே இங்கே வேலையின் வரிசைக்கே முதலிடம் தந்திருக்கிறேன்: பார்த்தல், கழற்றுதல், அளத்தல், அதற்குப் பிறகே வாங்குதல்.

முகப்புத் தகட்டுக்கு வெளியே விரலால் திருப்புவது குமிழ். குமிழ் செருகப்பட்டிருப்பது தண்டு. தகட்டுக்குப் பின்னால் தண்டோடு ஒன்றாக இருக்கும், பெரும்பாலும் மூன்று கால்கள் கொண்ட உறுப்பைக் கடைகளில் கண்ட்ரோல் என்றோ பாட் என்றோ கேட்டால் எடுத்துத் தருவார்கள். நான் கண்ட்ரோல் என்றே எழுதுகிறேன்.

1. உடைந்தது குமிழா, தண்டா, கண்ட்ரோலா?

கழன்று விழுந்த குமிழைத் தூக்கி எறியாதீர்கள். அதன் துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். துளை காலியாக இருந்து, அதன் சுவரில் மயிரிழை போன்ற விரிசல் ஓடினால் உடைந்தது குமிழ் மட்டுமே. துளைக்குள் வேறு நிறத்தில் ஒரு துண்டு அடைத்துக்கொண்டிருந்தால் அது தண்டின் நுனி. அப்போது புதுக் குமிழ் வாங்குவதால் பயனில்லை. இந்த ஒரு பார்வை பாதிப் பேரின் பணத்தையும் அலைச்சலையும் மிச்சப்படுத்தும்.

குமிழ் விழாமல், சுற்றினால் மட்டும் சும்மா சுழன்றுகொண்டே இருந்தால், அதைக் கழற்றிவிட்டுத் தண்டை விரலால் திருப்பிப் பாருங்கள். நல்ல கண்ட்ரோல் இரு முனைகளிலும் திட்டமாக நிற்கும். மொத்தச் சுழற்சி ஏறத்தாழ 270 முதல் 300 பாகை வரை இருக்கும். தண்டு சரியாக நின்றால் குமிழின் துளைதான் தேய்ந்திருக்கிறது. தண்டும் முடிவில்லாமல் சுற்றினால் கண்ட்ரோலுக்குள் இருக்கும் தடுப்பு உடைந்திருக்கிறது. டிஜிட்டல் வகை ஆம்ப்ளிஃபயர்கள் சிலவற்றில் என்கோடர் என்னும் உறுப்பு இருக்கும். அது இயல்பாகவே முடிவில்லாமல் சுற்றும் என்பதால் அதைப் பழுது என்று எண்ணிவிடக் கூடாது.

அடுத்து, தண்டைப் பக்கவாட்டில் மெதுவாக அசைத்துப் பாருங்கள். சிறிதளவு ஆட்டம் இயல்பானது. கண்ட்ரோல் முழுவதுமே தகட்டில் ஆடினால், தகட்டின் மேலுள்ள நட் தளர்ந்திருக்கிறது. முகப்பில் நட்டே இல்லாத மாதிரிகளில் கண்ட்ரோலைத் தாங்கிப் பிடிப்பது உள்ளே பலகையில் வைத்த ஈயப் பற்று மட்டுமே. அது ஆடினால் பற்று விட்டுப்போயிருக்க வாய்ப்பு அதிகம்.

உடைந்ததற்கான காரணத்தையும் இப்போதே கண்டுபிடிக்க வேண்டும்; இல்லாவிட்டால் புதுக் குமிழும் அதே வழியில் போகும். ஒரே ஒரு குமிழ் உடைந்திருந்து, பக்கத்துத் தகட்டில் கீறலோ நசுங்கலோ இருந்தால் அது அடிபட்ட கதை: டெம்போவில் பெட்டியை முகப்பு கீழே இருக்கும்படி கிடத்தியிருப்பார்கள். பல குமிழ்களில் ஒரே இடத்தில் நீளவாக்கில் விரிசல் இருந்தால் அடி காரணமல்ல. தண்டின் அளவைவிடச் சிறிய துளை கொண்ட குமிழ்களை யாரோ வலுக்கட்டாயமாக ஏற்றியிருக்கிறார்கள். எப்போதும் விரிந்து இழுபட்ட நிலையிலேயே இருக்கும் பிளாஸ்டிக், சூட்டில் மெல்ல மெல்லப் பிளந்துவிடும். கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் நம்முடையது. மூடிய வண்டிக்குள் மதியம் முழுவதும் நிற்கும் கறுப்புப் பெட்டி அதைவிடவும் சூடேறும்.

2. வேலைக்கு முன் கையில் இருக்க வேண்டியவை

குமிழ் மட்டும்தான் மாற்ற வேண்டும் என்றால் தேவைப்படுபவை சில: டார்ச், சிறிய தட்டை ஸ்க்ரூ டிரைவர், 1.5 மி.மீ. ஆலன் கீ, 1/16 அங்குல ஆலன் கீ, வெர்னியர் காலிபர், அழியாத மார்க்கர், பழைய தபால் அட்டை ஒன்று, ஷூ லேஸ் போன்ற வலுவான நாடா, தகட்டில் கீறல் விழாமல் அடியில் வைக்க மெல்லிய தோல் துண்டு. ஆம்பூர், ராணிப்பேட்டை, வாணியம்பாடியில் தோல் தொழில் நடப்பதால் இந்தக் கடைசிப் பொருள் நமக்கு எளிதாகக் கிடைக்கும். துணியைவிட இது நல்லது. நெம்பும்போது மடிந்து குமிழின் அடியில் சிக்கிக்கொள்ளாது.

இரண்டு ஆலன் கீ ஏன் என்று கேட்கலாம். 1/16 அங்குலம் என்பது ஏறத்தாழ 1.59 மி.மீ. கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். ஆனால் பெரிய திருகில் சிறிய சாவியைப் போட்டுத் திருப்பினால் ஆறு மூலைகளும் மழுங்கி, பிறகு எந்தச் சாவிக்கும் அந்தத் திருகு அசையாது. எனவே சாவி லேசாகவும் ஆடாமல் உட்காருகிறதா என்று பார்த்துவிட்டே திருப்ப வேண்டும்.

கண்ட்ரோலையும் மாற்ற வேண்டியிருந்தால், மல்டிமீட்டர், 25 வாட் அளவிலான சால்டரிங் அயர்ன், ஈயம், ஈயத்தை உறிஞ்சும் பம்ப், நட்டுக்கு ஏற்ற ஸ்பேனர் ஆகியவையும் வேண்டும். சிறிய கண்ட்ரோல்களின் நட் பெரும்பாலும் 10 மி.மீ. இருக்கும். கொறடால் நட்டைத் திருப்புகிறவர்கள் முகப்பில் அச்சிட்ட எழுத்துகளை நிச்சயமாகச் சுரண்டிவிடுவார்கள்.

3. மின்சாரம்

வெளியில் இருந்தபடி குமிழை மாற்றுவதாக இருந்தாலும் பிளக்கைச் சுவரிலிருந்து உருவிவிட வேண்டும். சுவிட்சை அணைத்தால் போதாது. மேடைகளில் பயன்படும் நீட்டிப்புப் பலகைகள் பலவற்றில் எர்த் இணைப்பு இருப்பதில்லை. எர்த் இல்லாத பெட்டியில் கசிவு ஏற்பட்டால், மின்சாரம் உலோக முகப்பின் வழியாகவும் தண்டின் வழியாகவும் கைக்கு வரும். உலோகத் தண்டைக் குமிழ் இல்லாமல் வெறும் கையாலோ கொறடாலோ திருப்பி வாசிப்பதை நான் கடுமையாக எதிர்ப்பதற்கு இதுவே காரணம். மூன்று முள் பிளக்கில் எர்த் முள்ளை வெட்டிவிட்டுப் பயன்படுத்துகிறவர்கள் குமிழைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன்பு பிளக்கைச் சரிசெய்ய வேண்டும்.

பெட்டியைத் திறப்பது வேறு விஷயம். வால்வு (கண்ணாடிக் குழல்) ஆம்ப்ளிஃபயர்களுக்குள் பல நூறு வோல்ட் நேர்மின்சாரம் (டி.சி.) இருக்கும். பிளக்கை உருவிய பின்பும் மின்தேக்கிகளில் அது தங்கியிருக்கும். எடை குறைந்த கிளாஸ் டி வகையில் ஆபத்து இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். அவற்றின் ஸ்விட்சிங் மின்வழங்கியில் 230 வோல்ட் வீட்டு மின்சாரம் நேரடியாகவே நேர்மின்சாரமாக்கப்படுவதால் 325 வோல்ட் அளவுக்கு மின்தேக்கியில் நிற்கும். ‘கொஞ்ச நேரம் காத்திருந்தால் இறங்கிவிடும்’ என்பதை நம்பாமல், மல்டிமீட்டரை நேர்மின்சார அளவில் வைத்து, பெரிய மின்தேக்கிகளின் முனைகளில் அளந்து, சில வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிட்டதைக் கண்ணால் பார்த்த பின்பே கையை உள்ளே விட வேண்டும். ஸ்க்ரூ டிரைவரால் இரு முனைகளையும் தொட்டுத் தீப்பொறி பறக்கவிடுவது மின்தேக்கிக்கும் கேடு, கண்ணுக்கும் கேடு. இந்த அளவீட்டைத் தன்னம்பிக்கையோடு செய்யத் தெரியாதவர்கள் 4 முதல் 7 வரையுள்ள பகுதிகளோடு நின்றுகொள்ள வேண்டும். 8-ஆம் பகுதி அவர்களுக்கானதல்ல.

4. மிச்சமுள்ள குமிழைக் கழற்றுதல்

முதலில் குமிழின் பக்கவாட்டில் திருகு இருக்கிறதா என்று சுற்றிலும் பாருங்கள். ஒரே குமிழில் இரண்டு திருகுகள் இருப்பதும் உண்டு. ஒன்றைத் தளர்த்திவிட்டு இழுப்பது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. திருகு எதுவும் தெரியாவிட்டால் குமிழின் தலைப்பகுதியில் தனி மூடி இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். சில வகைகளில் அந்த மூடியைக் கிளப்பினால்தான் உள்ளே இருக்கும் திருகோ நட்டோ தெரியும். இரண்டும் இல்லை என்றால் அது செருகு வகை; நேராக இழுத்தால் வரும்.

செருகு வகைக் குமிழைக் கழற்ற, நாடாவைக் குமிழின் அடியில் ஒரு சுற்றுச் சுற்றி, இரு முனைகளையும் ஒரே கையில் பிடித்து, தண்டின் நேர்க்கோட்டில் வெளியே இழுங்கள். சாய்த்து இழுத்தால் பிளாஸ்டிக் தண்டு அடியோடு முறியும். நாடாவுக்கு வராவிட்டால், குமிழின் இருபுறமும் எதிரெதிராக இரண்டு சிறிய கரண்டிகளை, அடியில் தோல் துண்டு வைத்து, ஒரே நேரத்தில் சமமாக நெம்ப வேண்டும். ஒரே பக்கம் நெம்புவதும் சாய்த்து இழுப்பதும் ஒன்றுதான்.

இழுப்பதற்கு முன்னால், அந்தக் குமிழ் மேலே இழுத்தால் ‘டக்’ என்று ஒரு சுவிட்சை இயக்கும் வகையா என்று கையேட்டிலோ முகப்பின் எழுத்திலோ பார்த்துக்கொள்ளுங்கள். அப்படிப்பட்ட கண்ட்ரோலை நாடா போட்டு இழுத்தால் சுவிட்ச் பிய்ந்துவிடும். அங்கே கரண்டிகள் குமிழுக்கும் தண்டுக்கும் நடுவே நெம்ப வழியில்லாததால், குமிழை வெட்டும் கொறடால் துண்டு துண்டாகக் கடித்து எடுப்பதே பாதுகாப்பானது. பசை போட்டு ஒட்டப்பட்ட குமிழுக்கும் இதே வழிதான். உடைந்த குமிழைக் காப்பாற்ற வேண்டிய அவசியம் நமக்கு இல்லை. காப்பாற்ற வேண்டியது தண்டை.

உப்பு வியர்வையில் துருப்பிடித்த திருகு அசையாவிட்டால், சால்டரிங் அயர்ன் நுனியைத் திருகின் தலையில் மட்டும் சிறிது நேரம் வைத்து எடுத்துவிட்டு மறுபடி முயலுங்கள். எண்ணெயைத் தெளிக்க வேண்டாம். அது தண்டின் வழியாகக் கண்ட்ரோலுக்குள் இறங்கித் தூசியைச் சேர்த்துக்கொள்ளும். அவசியமானால் பல்குச்சி நுனியால் ஒரு துளி போதும்.

5. தண்டை அளத்தல்

நிதானமாகச் செய்ய வேண்டிய பகுதி இதுதான். தண்டுகள் பெரும்பாலும் மூன்று வகைப்படும். ஒரு பக்கம் தட்டையாகச் சீவப்பட்ட டி வடிவத் தண்டு. சுற்றிலும் நுண்ணிய பற்கள் வெட்டப்பட்டு, நடுவே பிளவு உள்ள பல் தண்டு. எந்த வெட்டும் இல்லாத முழு உருளைத் தண்டு. முதல் இரண்டுக்கும் பெரும்பாலும் செருகு குமிழ், மூன்றாவதற்குத் திருகுக் குமிழ்.

விட்டத்தை வெர்னியரால் அளவிடுங்கள். இங்கே சந்திக்கும் அளவுகள் இரண்டு: 6 மி.மீ., 6.35 மி.மீ. பின்னது கால் அங்குலம். அமெரிக்க வழி வந்த பழைய வடிவமைப்புகளில் கால் அங்குலத் தண்டும், ஆசியாவில் தயாராகும் பெட்டிகளில் 6 மி.மீ. தண்டும் அதிகம் என்றாலும், பெட்டியின் பெயரைப் பார்த்து ஊகிக்க வேண்டாம். 0.35 மி.மீ. வேறுபாட்டைச் சாதாரண அளவுகோல் காட்டாது. ஆனால் 6 மி.மீ. குமிழைக் கால் அங்குலத் தண்டில் ஏற்றினால் பிளக்கும். கால் அங்குலக் குமிழை 6 மி.மீ. தண்டில் போட்டால் ஆடும், திருகை இறுக்கியதும் மையம் விலகித் தள்ளாடிச் சுற்றும். முன்பு சொன்ன நீளவாக்கு விரிசல்களுக்கு மூலகாரணம் இங்கேதான் இருக்கிறது.

பல் தண்டில் பற்களை எண்ண வேண்டும். ஒரு பல்லின் மேல் மார்க்கரால் புள்ளி வைத்து, பல்குச்சி நுனியால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே வாருங்கள். பிளவு இருக்கும் இடங்களில் பல் விடுபட்டிருக்கும். அவற்றையும் இடமாகக் கணக்கில் சேர்க்க வேண்டும். 6 மி.மீ. தண்டில் பெரும்பாலும் 18 பற்களும், கால் அங்குலத் தண்டில் 24 பற்களும் இருக்கும். பற்கள் பொருந்தாத குமிழும் அழுத்தினால் ஏறும் என்பதுதான் சிக்கல். ஏறிய பிறகு அதன் உட்பற்கள் அரைபட்டு, சில வாரங்களில் வழுக்கத் தொடங்கும்.

டி வடிவத் தண்டில் இரண்டு அளவுகள் வேண்டும்: வட்டத்தின் விட்டம், தட்டைப் பக்கத்திலிருந்து எதிர்ப்புறம் வரை உள்ள தடிமன். 6 மி.மீ. தண்டுகளில் தடிமன் வழக்கமாக 4.5 மி.மீ. இருக்கும். இதைவிட முக்கியமான ஒன்று பலருக்குத் தெரிவதில்லை. தண்டை இடப்பக்க முனைக்குத் திருப்பி வைத்து, தட்டைப் பக்கம் எந்தத் திசையைப் பார்க்கிறது என்று ஒரு தாளில் படமாக வரைந்து, அந்த நிலையில் முகப்பின் பூஜ்யம் எங்கே இருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். டி துளைக் குமிழைத் தண்டில் ஒரே விதமாகத்தான் ஏற்ற முடியும். குமிழின் கோடு தட்டைப் பக்கத்துக்கு எதிரே இருக்கும்படி வார்க்கப்பட்டவை உண்டு. தட்டைப் பக்கத்தின் மேலேயே, அல்லது 90 பாகை தள்ளி வார்க்கப்பட்டவையும் உண்டு. எல்லா அளவும் சரியாக இருந்து இது மட்டும் தவறினால், ஒலி முழுவதும் அடங்கிய நிலையில் கோடு 10 மணி திசையைக் காட்டும். மேடை இருட்டில் கோட்டைப் பார்த்துத்தான் பேஸ் கலைஞர் தன் ஒலியை அமைக்கிறார் என்பதால், இதை நான் அழகு சார்ந்த குறையாகக் கருதுவதில்லை.

பிறகு உயரம். தகட்டின் மேற்பரப்பிலிருந்து தண்டின் நுனிவரை அளந்துகொள்ளுங்கள். குமிழின் துளை ஆழம் இதற்குச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும். நட் இருந்தால் அதன் அகலத்தையும் உயரத்தையும் குறியுங்கள். அடியில் நட்டுக்கு இடம் விட்டுக் குடையப்படாத குமிழ், நட்டின் மேலேயே உட்கார்ந்து உயரமாக நிற்கும். கடைசியாக, பக்கத்துத் தண்டின் மையத்துக்கு உள்ள தூரம். பேஸ் ஆம்ப்ளிஃபயர்களில் கெயின், பேஸ், லோ மிட், ஹை மிட், ட்ரெபிள், மாஸ்டர் என்று நெருக்கமாக அடுக்கியிருப்பார்கள். பெரிய குமிழ் போட்டால் விரல் நுழைய இடமிருக்காது. ஒன்றன்மேல் ஒன்றாக இரட்டைக் குமிழ் இருந்தால், உள் தண்டு, வெளித் தண்டு இரண்டையும் தனித்தனியே அளக்க வேண்டும்.

6. வாங்குதல்

அளவுகளை எழுதிய தாளையும் உடைந்த குமிழையும் சேர்த்தே எடுத்துச் செல்லுங்கள். வேலூரில் ரேடியோ, டிவி உதிரிபாகக் கடைகளில் 6 மி.மீ. பல் தண்டுக்கான குமிழ்கள் எளிதாகக் கிடைக்கும். டி துளையில் குறிப்பிட்ட கோட்டுத் திசையோ கால் அங்குலமோ வேண்டுமென்றால் தேட வேண்டியிருக்கும். காட்பாடியில் ரயில் ஏறினால் ஒரு பக்கம் சென்னை ரிச்சி தெரு, மறுபக்கம் பெங்களூர் எஸ்.பி. ரோடு, இரண்டிலும் குமிழ்களுக்கென்றே பெட்டி பெட்டியாக வைத்திருப்பார்கள். அங்கே நின்று ‘இது மாதிரி’ என்று காட்டி வாங்குவதைவிட, வெர்னியரைக் கையில் கொண்டுபோய்த் துளையை அளந்து வாங்குவது நல்லது.

ஒன்று உடைந்தால் ஒன்றை மட்டும் வாங்கலாமா, முழு வரிசையும் மாற்றலாமா? அடிபட்டு உடைந்தது என்றால் ஒன்று போதும். விரிசல் வகை என்றால் மற்றவையும் அதே பாதையில்தான் இருக்கின்றன, எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். உலோகக் குமிழ் வலுவானது என்று ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு சொல்: அது உடையாது, ஆனால் அடிபடும்போது அந்த அடி முழுவதையும் கண்ட்ரோலுக்குக் கடத்திவிடும். டெம்போவில் பயணிக்கும் பெட்டிக்குப் பிளாஸ்டிக் குமிழையே நான் பரிந்துரைப்பேன். உடைந்தால் மலிவான பகுதி உடையட்டும்.

7. பொருத்துதல்

தண்டை இடப்பக்க முனைவரை திருப்புங்கள். குமிழின் கோட்டைப் பூஜ்யத்துக்கு நேராக வைத்து, அழுத்தாமல் சும்மா அமர்த்திப் பாருங்கள். பல் தண்டாக இருந்தால், 18 பற்களில் ஒரு பல் நகர்த்துவது 20 பாகை. 24 பற்களில் 15 பாகை. அதனால் முழுத் துல்லியம் எப்போதும் வாய்க்காது. நடுவில் ‘டிக்’ என்று நிற்கும் ஈக்வலைசர் கண்ட்ரோல்களில் முனையைப் பார்க்காமல், நடுநிலையில் கோடு 12 மணி திசையில் நிற்கும்படி பல்லைத் தேர்ந்தெடுங்கள். வாசிப்பவர் திரும்பத் திரும்ப நாடும் இடம் அதுதான்.

திசை சரி என்று உறுதியான பின் கட்டை விரலால் நேராக அழுத்துங்கள். கடினமாக இருந்தால் விசையைக் கூட்டாமல், குமிழை வெதுவெதுப்பான நீரில் சற்று வைத்து, ஈரம் போக நன்றாகத் துடைத்துவிட்டு மறுபடி முயலுங்கள். சூட்டில் பிளாஸ்டிக் சற்று இளகி, விரிசல் இல்லாமல் ஏறும். பலகையில் நேரடியாகப் பற்றவைக்கப்பட்ட கண்ட்ரோல்களில் நீங்கள் கொடுக்கும் அழுத்தம் ஈயப் பற்றின் மேல்தான் விழுகிறது என்பதை மறந்துவிடக் கூடாது.

திருகுக் குமிழுக்கு இடைவெளி அமைக்க வேண்டும். தபால் அட்டையில் தண்டு நுழையுமளவு ஒரு வெட்டு வெட்டி, அதைத் தண்டைச் சுற்றித் தகட்டின் மேல் படுக்க வையுங்கள். குமிழை அட்டையைத் தொடும்வரை இறக்கி, திருகை இறுக்கி, பிறகு அட்டையை உருவிவிடுங்கள். அந்த மெல்லிய இடைவெளியில் குமிழ் தகட்டை உரசாது. முகப்பில் அடி விழுந்தாலோ குமிழ் உடனே தகட்டில் முட்டி நின்றுவிடும். விசை கண்ட்ரோலுக்குள் போகாது. நட் துருத்திக்கொண்டிருக்கும் முகப்பில், குமிழின் அடிக்குடைவு நட்டைத் தொடாமல் இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்துக்கொள்ளுங்கள். தண்டில் தட்டைப் பக்கம் இருந்தால் திருகு அதன் மேல்தான் உட்கார வேண்டும். பிடித்துக்கொண்டது என்று விரலுக்குத் தெரிந்ததும் நிறுத்துங்கள்.

சற்றுத் தளர்வாக இருந்தால், தண்டின் மேல் குழாய் வேலைக்குப் பயன்படும் டெஃப்லான் டேப்பை ஒரு சுற்றோ இரண்டு சுற்றோ சுற்றிச் செருகலாம். உலோகப் பல் தண்டாக இருந்தால், நடுப்பிளவில் கத்தி முனையை வைத்து மயிரிழை அளவு விரிக்கலாம். பிளாஸ்டிக் தண்டில் இதைச் செய்தால் பாதி தண்டு கையோடு வந்துவிடும். ஃபெவிகுயிக் போன்ற பசைகள் கூடவே கூடாது. நீர்போல ஓடும் அந்தப் பசை தண்டின் வழியாகக் கண்ட்ரோலின் கழுத்துக்குள் இறங்கி, குமிழோடு தண்டையும் சேர்த்து இறுகவைத்துவிடும். இப்படி ஒட்டிப்போய் வரும் பெட்டிகள்தான் என் மேசையில் அதிகம்.

இன்று இரவே குடியாத்தம் கெங்கையம்மன் திருவிழா மேடை, குமிழுக்கு நேரமில்லை என்றால், பிளக்கை உருவிவிட்டு, தண்டின் மேல் இறுக்கமான ரப்பர் குழாய்த் துண்டு ஒன்றைச் செருகுங்கள், அல்லது இன்சுலேஷன் டேப்பை விரல் பிடிக்கும் தடிமன்வரை சுற்றுங்கள். உலோகம் எங்கும் வெளியே தெரியக் கூடாது. அந்த இரவுக்கு அது போதும்.

8. தண்டே உடைந்திருந்தால்

தகட்டுக்கு மேல் 7, 8 மி.மீ. மிச்சம் இருந்தால், ஆழமான துளையுள்ள திருகுக் குமிழ் அதைப் பிடித்துக்கொள்ளும். பெட்டியைத் திறக்காமலே வேலை முடியும். அதற்கும் குறைவாக இருந்தால் கண்ட்ரோலை மாற்ற வேண்டியதுதான். உடைந்த நுனியை ஒட்டிப் பார்ப்பதில் பலன் இல்லை: ஒட்டுப் பரப்பு சிறியது, ஒவ்வொரு முறை திருப்பும்போதும் முறுக்கு விசை அந்த ஒட்டின் மேல்தான் விழும்.

பெட்டியைத் திறந்து, 3-ஆம் பகுதியில் சொன்ன அளவீட்டை முடித்த பிறகு, கண்ட்ரோலின் உடலில் அல்லது அடியில் உள்ள எழுத்தைப் படியுங்கள். ‘பி50கே’ என்றால் 50 கிலோ ஓம், சீராக மாறும் வகை. ‘ஏ’ என்று தொடங்கினால் காதின் உணர்வுக்கேற்ப மாறும் ஆடியோ வகை. ஒலி அளவுக் கண்ட்ரோல்களில் பெரும்பாலும் இதுவே இருக்கும். சில சமயம் 103, 503, 104 என்று எண்ணாக இருக்கும்; கடைசி இலக்கம் பூஜ்யங்களின் எண்ணிக்கை. அதன்படி 103 என்பது 10 கிலோ ஓம், 503 என்பது 50, 104 என்பது 100. பழைய ஐரோப்பியக் கருவிகளில் எழுத்துகளின் பொருள் மாறியிருக்கும் என்பதால், அங்கே எழுத்தை மட்டும் நம்பி வாங்கக் கூடாது. ஆடியோ வகைக்குப் பதில் சீரான வகையைப் போட்டால் ஆம்ப்ளிஃபயர் கெடாது. ஆனால் குமிழை இலேசாகத் தொட்டவுடனே ஒலி பாய்ந்து ஏறி, மீதிப் பாதிச் சுற்றில் எதுவும் மாறாததுபோல் தோன்றும்.

எழுத்து அழிந்திருந்தால் மல்டிமீட்டரால் இரு ஓரக் கால்களுக்கு இடையே அளக்கலாம். பலகையில் இருக்கும்போது அளந்தால், உடன் இணைந்த மற்ற உறுப்புகளால் அளவு குறைவாகக் காட்டும். கழற்றிய பிறகு கிடைக்கும் அளவே நம்பத்தக்கது. கால்களின் எண்ணிக்கை, அவற்றின் இடைவெளி, கால்கள் நேரானவையா வளைந்தவையா, தண்டின் நீளம் ஆகியவையும் பழையதோடு ஒத்திருக்க வேண்டும்.

கழற்றும் முன் எல்லாக் கோணங்களிலும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பல கண்ட்ரோல்கள் ஒரே பலகையில் இருந்தால், முகப்பில் உள்ள எல்லாக் குமிழ்களையும் நட்டுகளையும் கழற்றிய பின்பே பலகை வெளியே வரும். ஒரு நட்டை மறந்துவிட்டுப் பலகையை இழுத்தால் நல்ல கண்ட்ரோலும் பெயர்ந்துவிடும். பழைய ஈயம் எளிதில் உருகாது. எனவே ஒவ்வொரு காலிலும் முதலில் சிறிது புது ஈயத்தைச் சேர்த்து, அது பளபளவென உருகியதும் பம்பால் உறிஞ்சுங்கள். கால் துளைக்குள் தளர்வாக அசைகிறதா என்று பார்த்த பிறகே கண்ட்ரோலை எடுக்க வேண்டும். அசையாத காலை இழுத்தால் செம்பு வளையம் காலோடு வந்துவிடும்.

புதியதைப் போடும்போது பெரும்பாலோர் வரிசையை மாற்றிச் செய்கிறார்கள்: முதலில் பற்றவைத்து, பிறகு தகட்டில் நட்டை முறுக்குகிறார்கள். கண்ட்ரோல் சற்றுச் சாய்ந்து பற்றியிருந்தால், நட்டை முறுக்க முறுக்க அந்தச் சாய்வெல்லாம் பற்றின் மேல் இழுவிசையாக மாறும். பேஸ் ஒலியின் அதிர்வில் அந்தப் பற்று விரைவில் விரிசல் விடும். சரியான வரிசை இது: கால்களைத் துளைகளில் நுழையுங்கள், பலகையை இருப்பிடத்தில் வையுங்கள், எல்லாக் கண்ட்ரோல்களின் நட்டுகளையும் வாஷரோடு கையால் போட்டு, பிறகு ஸ்பேனரால் இறுக்குங்கள், கடைசியாகப் பற்றவையுங்கள். பின்பக்கம் சால்டரிங் அயர்ன் நுனி எட்டாத அமைப்பாக இருந்தால், நட்டுகள் இறுக்கிய நிலையில் ஒரே ஒரு காலை மட்டும் பற்றவைத்து நிலையை உறுதி செய்துகொண்டு, பலகையை வெளியே எடுத்து மற்றவற்றை முடிக்கலாம்.

9. சோதனை

பிளக்கைச் செருகும் முன்பு ஒவ்வொரு குமிழையும் முனைக்கு முனை திருப்புங்கள். உரசல் சத்தம், நடுவில் சிக்கல், பக்கத்துக் குமிழைத் தொடுதல் எதுவும் இருக்கக் கூடாது. பிறகு ஸ்பீக்கரை இணையுங்கள். வால்வு ஆம்ப்ளிஃபயரை ஸ்பீக்கர் இணைக்காமல் இயக்கினால் வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மர் கெட்டுப்போகக் கூடும். மாஸ்டரைப் பூஜ்யத்தில் வைத்து இயக்கி, மெதுவாக ஏற்றி, திறந்த ஈ தந்தியை ஒலிக்கவிட்டபடியே ஒவ்வொரு கண்ட்ரோலையும் திருப்பிப் பாருங்கள். பேஸ் குமிழைத் திருப்பும்போது மாற்றம் சீராக வர வேண்டும். ஓரிடத்தில் ஒலி அறுந்து மீண்டும் வந்தால் பற்றைச் சோதிக்க வேண்டும். கரகரப்பு மட்டும் இருந்தால் மின்சாரத்தை நிறுத்தி, காண்டாக்ட் கிளீனரைக் கண்ட்ரோலின் உடலில் உள்ள இடுக்கு வழியாகச் சிறிது அடித்து, பலமுறை முன்னும் பின்னும் திருப்பினால் போதும். பூட்டுக்கும் கீலுக்கும் அடிக்கும் எண்ணெய் ஸ்ப்ரேயைக் கண்ட்ரோலில் அடிக்கக் கூடாது. அதன் பிசுக்கு உள்ளே தங்கிவிடும்.

கடைசியாக, தளர்வான எந்தப் பொருளும் சேர்ந்து ஒலிக்கிறதா என்று கேளுங்கள். தாழ்ந்த சுரம் ஒன்றைப் பலமாக வாசித்து, ஒவ்வொரு குமிழையும் விரலால் இலேசாகத் தொட்டுப் பார்த்தால், எது நடுங்குகிறது என்று தெரிந்துவிடும். நடுங்கும் குமிழின் திருகையோ டேப்பையோ அப்போதே சரிசெய்துவிட்டு, அளவுகளை எழுதிய தாளைப் பெட்டியின் பின்பக்க உட்சுவரில் ஒட்டிவையுங்கள். அடுத்த முறை அளக்காமலே வாங்கலாம்.